ஊட்டி மலைப்பாதையில் பனிக்காலம்: வண்டி காட்டும் அறிகுறியும் உடனே செய்ய வேண்டியதும்

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் சாலை, குன்னூர் போய்ச் சேருவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கியவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஸ்வெட்டரைத் தேடுவார்கள். நம் உடம்புக்கு நடப்பதுதான் வண்டிக்கும் நடக்கிறது. நாம் வாய் விட்டுச் சொல்கிறோம், வண்டி வாடையாகவும் சத்தமாகவும் பெடலின் மாற்றமாகவும் சொல்கிறது.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழையும் மண்சரிவும். அதன்பின் பிப்ரவரி வரை விடியற்காலையில் உறைபனி. பனிமூட்டத்துக்குக் கணக்கே கிடையாது. கோவையிலிருந்து அடிக்கடி ஏறி இறங்குகிறவன் என்ற முறையில், எந்த அறிகுறி தெரிந்தால் என்ன செய்வேன் என்பதை எழுதுகிறேன். இறக்கத்தில் வரும் தொல்லைகளை முதலில் வைத்திருக்கிறேன். ஏறும்போது வண்டி நின்றுபோனால் நின்றுபோகும், அவ்வளவுதான். இறக்கத்தில் அப்படி இல்லை.

இறங்கும்போது கருகல் வாடை வருகிறது

பாதிப் பேர் இதை வெளியே யாரோ குப்பை எரிப்பதாக நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அடுத்த வளைவில் நின்றிருந்த லாரி டிரைவர் கையைக் காட்டி என் முன்சக்கரத்தைப் பார்க்கச் சொன்னார். புகை வந்துகொண்டிருந்தது.

ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடும் மூட்டைகளோடும் சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால், அந்த உயரத்தில் அது சுமந்திருந்த ஆற்றல் கிட்டத்தட்ட 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் எஞ்சினும் அதில் பங்கு வாங்கிக்கொள்ளாவிட்டால் அத்தனை சூடும் பிரேக்கின் தலையில்தான் விழும். காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்குகிறவர் அதைத்தான் செய்கிறார்.

செய்ய வேண்டியது: அகலமான இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்துங்கள். வளைவிலோ வளைவை ஒட்டியோ வேண்டாம். எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். சூடாக இருக்கும் பிரேக்கில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து வைத்தால் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு, கியரும் கல்லும் இருந்தால் அது தேவைப்படாது. சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் பாட்டிலை நீட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூடான டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். அரை மணி நேரம் தானாக ஆறட்டும். வழியில் உள்ள பர்லியாறு ஊரில் நின்றால் டீ குடிக்கலாம், பழக்கடை இருக்கிறது.

ஆறியபின் இரண்டாவது கியர். மலை டிரைவர்கள் சொல்லும் பழைய வாக்கு: எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு. எஞ்சின் சத்தம் போடத்தான் செய்யும், போடட்டும். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருக்காமல், வளைவுக்கு முன்னால் ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுதாக விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் அந்த நேரத்தில்தான் பிரேக் ஆறும்.

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்போதைய வண்டிகளில் கியரில் வைத்தபடியே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங் ஓடுவதற்கு எண்ணெய் செலவாகும். செலவும் கூட, பிடிமானமும் இல்லை.

பெடல் வழக்கம்போல் இல்லை

இதில் மூன்று விதம் உண்டு. காலுக்கு வித்தியாசம் தெரியும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரை வரை போகிறதா? பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்துவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 என்றால் 205, பிறகு 140. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். சமவெளியில் ஐந்து வருடம் மாற்றாமல் ஓட்டியவருக்கும் ஒன்றும் தெரியாது, குன்னூர் இறக்கத்தில் தெரிந்துவிடும்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறதா? டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி உரசும் பிடிப்பை இழந்துவிட்டது. நிறுத்தி ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்ப வரும்.

பெடல் கல் மாதிரி இறுகிவிட்டதா? எஞ்சின் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு உதவி செய்யும் பூஸ்டருக்கு வேலை. அணைந்த பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். சாவியை அணைத்து இறக்குகிற வீரர்கள் ஸ்டியரிங்கும் இறுகிவிடும் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

பிரேக் முழுதாகவே போய்விட்டால்: பெடலை வேகமாக விட்டுவிட்டு மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பக்கூடும். மிதித்துக்கொண்டே கியரை மூன்று, இரண்டு, ஒன்று என்று படிப்படியாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். சுவிட்ச் வகை ஹேண்ட் பிரேக் என்றால் பெரும்பாலான கார்களில் சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடித்தால் வண்டி நிற்கும். ஹார்னில் இருந்து கையை எடுக்காதீர்கள். இத்தனைக்கும் நிற்கவில்லை என்றால் பள்ளத்துப் பக்கத்தை மறந்துவிட்டு மலைப் பக்கம் சாய்த்து, ஓரச் சாக்கடையில் சக்கரத்தை இறக்குங்கள் அல்லது மண் சுவரில் உரசுங்கள். கதவும் பம்பரும் போகும். போகட்டும்.

ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக், ஸ்கூட்டர்: வண்டி பிடித்து நிற்காமல் ஓடுகிறது

ஆட்டோமேட்டிக் காரை ‘D’ (டிரைவ்) நிலையில் போட்டு இறங்கினால் அது தானாகவே மேல் கியருக்குத் தாவிவிடும். L, 2, S, B (பார்க்கிங்குக்கான P இல்லை) என்று ஏதாவது ஒரு நிலை கியர் லிவரில் இருக்கும், அல்லது கையால் மாற்றும் வசதி இருக்கும். அது எதற்கு என்று பல பேருக்கு வண்டி வாங்கிய நாளிலிருந்து தெரியாது. இதற்குத்தான்.

எலெக்ட்ரிக் கார் இறக்கத்தில் மோட்டாரையே ஜெனரேட்டராக்கிப் பிடித்துக்கொள்ளும், பேட்டரியும் ஏறும். ஆனால் ஊட்டியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், வரும் மின்சாரத்தைப் போட்டு வைக்க இடம் இருக்காது. பிடிப்பு குறைந்து, சுமை சாதாரணப் பிரேக்குக்குப் போகும். எண்பதோடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் குறைந்தால் கிளட்ச் விலகிவிடும், எஞ்சின் சக்கரத்தைப் பிடிக்காது. இரண்டு பேர், பின்னால் ஒரு பை, டிரம் பிரேக் என்று குன்னூரிலிருந்து இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள், வளைவுக்கு முன்பே பிடியுங்கள், நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகப் போகும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், இறக்கம் செங்குத்து. 2018-இல் சென்னையிலிருந்து வந்த கார் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து, இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்குவதற்குத் தடை வைத்தார்கள். கூகுள் மேப் குறுக்கு வழி என்று காட்டும், நம்ப வேண்டாம். கூடலூர் சுற்றுதான் என்றாலும் அதுதான் வழி.

கண்ணாடி மங்குகிறது

விரலால் உள்பக்கம் ஒரு கோடு போடுங்கள். கோடு தெளிவாக விழுந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. நம் மூச்சு, நனைந்த குடை, ஈரக் கால்மிதி எல்லாம் சேர்ந்த ஈரம் அது. ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, சூட்டுப் பக்கம் வையுங்கள். குளிரில் எதற்கு ஏ.சி. என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கி அனுப்பும். இரண்டும் சேர்ந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். எண்பது சதவீதம் பேர் என்று சொல்ல எண்ணிக்கை என்னிடம் இல்லை, ஆனால் நான் ஏறி உட்கார்ந்த வண்டிகளில் பெரும்பாலும் இந்தப் பொத்தான்தான் குற்றவாளி.

விரலுக்குக் கோடு விழவில்லை என்றால் ஈரம் வெளியே. கண்ணாடி உள்ளிருந்து அதிகம் குளிர்ந்துவிட்டது. வைப்பரை ஒரு சுற்று ஓட்டி, ஏ.சி. குளிரைக் குறையுங்கள்.

முன்னால் எதுவுமே தெரியவில்லை

மேகம் சாலையில் இறங்கிவிட்டால் முதல் தவறு பிரைட் போடுவது. வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே திரும்ப அடிக்கும். டிம்மில் வையுங்கள், பனி விளக்கு இருந்தால் போடுங்கள். பகலில் தானாக எரியும் முன்விளக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பல கார்களில் அதோடு பின்விளக்கு எரிவதில்லை, பின்னால் வருகிறவருக்கு நீங்கள் இல்லாத மாதிரிதான்.

நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டவிட்டு ஓட்டுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது, நிற்கிறீர்களா நகர்கிறீர்களா என்பதும் தெரியாது. நின்றால் மட்டும் போடுங்கள்.

பனிமூட்டத்தில் பக்கத்து மரங்கள் ஓடுவது கண்ணுக்குத் தெரியாததால் வேகம் குறைவாகத் தோன்றும். மீட்டரைப் பாருங்கள். இருபதில் போகிறோம் என்று நினைத்திருப்போம், நாற்பது காட்டும். இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போங்கள். முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கை ஒட்டிக்கொண்டு போவது நிம்மதியாகத்தான் இருக்கும், அது திடீரென நின்றால் நமக்கு இடம் இருக்காது. வளைவு வந்தால் பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஹார்ன் அடித்துக் காது கொடுங்கள். எதிரே வருகிறவரும் அடிப்பார்.

சுத்தமாகத் தெரியவில்லை என்றால் டீக்கடையோ பெட்ரோல் பங்க்கோ பார்த்து ஒதுங்குவதுதான் சரி. சாலையோரம் பாதி உடம்பை வெளியே வைத்து நிறுத்துவது, ஓட்டுவதை விட மோசம். குளிர்காலத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். மூன்று மணிக்குள் இறங்க ஆரம்பித்துவிடுவது என் வழக்கம்.

காலையில் கண்ணாடி வெள்ளையாக இருக்கிறது, வண்டியும் கிளம்பவில்லை

நீர்ப்பனி என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். தலைகுந்தா, பைக்காரா, அவலாஞ்சி பக்கம் தங்கியிருந்தால் உறைபனியே படிந்திருக்கும். சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். வைப்பரையும் உடனே போடாதீர்கள், ரப்பர் ஒட்டியிருந்தால் கிழியும். எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைக் கண்ணாடிக்குத் திருப்பி, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சுரண்டுங்கள். முந்தின இரவே ஒரு பழைய போர்வையோ அட்டையோ கண்ணாடி மேல் போட்டு வைத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

குளிரில் பேட்டரியின் பலம் குறையும், அதே சமயம் கெட்டியான எஞ்சின் ஆயிலைச் சுழற்ற அதிக பலம் வேண்டும். மூன்று வருடப் பேட்டரி கோவையில் ஓடும், ஊட்டியில் விடிகாலை கைவிட்டுவிடும். விளக்கு, பாட்டு, ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்து, கிளட்சை மிதித்து, ஐந்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவில் அரை நிமிடம் இடைவெளி விட்டு முயலுங்கள். டீசல் வண்டியில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள் மலை ஏறும் முன் கூலண்டுக்கு மாறிவிடுங்கள்.

சக்கரம் வழுக்குகிறது

ஊட்டியில் சாலை முழுக்க ஐஸ் படிந்து வண்டி சறுக்குவது அபூர்வம். வெள்ளைப் போர்வை பெரும்பாலும் புல்வெளியில்தான். இங்கே வழுக்க வைப்பவை வேறு: நனைந்த யூக்கலிப்டஸ், சில்வர் ஓக் இலைகள், லாரியிலிருந்து சிந்திய டீசல், மழையில் இறங்கிய செம்மண் சேறு. ஆனாலும் உறைபனி நாட்களில் எட்டு மணிக்கு முன்னால், வெயில் படாத நிழல் வளைவையும் சின்னப் பாலத்தையும் நம்ப வேண்டாம்.

வழுக்க ஆரம்பித்தால் பிரேக்கை நசுக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், போக வேண்டிய பக்கம் ஸ்டியரிங்கை மெதுவாகப் பிடியுங்கள். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ். இருந்து, நின்றே ஆக வேண்டும் என்றால், முழுதாக மிதித்துப் பிடியுங்கள். பெடல் காலுக்குக் கீழே துடிக்கும், அது கோளாறு இல்லை.

டயர் காற்றைப் பற்றி ஒரு வேடிக்கை. மேலே போனால் காற்றழுத்தம் குறைவதால் டயர் மீட்டர் கிட்டத்தட்ட 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்ட வேண்டும். 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிர்வதால் 4 பி.எஸ்.ஐ. குறைய வேண்டும். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சரியாகிவிடும். மலையில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு வாங்குகிறது

டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். கோளாறு இல்லை, காற்று மெலிந்துவிட்டது. மூன்றாவதில் முக்கிக்கொண்டிருக்காமல் இரண்டாவதுக்கு இறங்குங்கள். சூடு காட்டும் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுதாக வையுங்கள், எஞ்சினின் சூட்டை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். குளிர்காலத்தில் அது தண்டனையும் இல்லை. நிறுத்திய உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

ஏற்றத்தில் வரும் கருகல் வாடை கிளட்சினுடையது. பாதிக் கிளட்சில் வண்டியைத் தூக்கிப் பிடித்து நிற்பதால் வருவது. ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள், வண்டி இழுக்கும்போது விடுங்கள்.

எதிரே பஸ், நடுவில் வளைவு

இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். அகலம் போதாத மலைச் சாலைக்கு இது சட்டத்திலேயே உள்ள விதி. ஏறுகிறவர் நின்றால் மீண்டும் நகர்வது கடினம் என்பதுதான் காரணம். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் தேவை. அது வளையும்போது உள்ளே மூக்கை நுழைத்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம், பின்னால் நாற்பது வண்டி சேரும். வளைவுக்கு முன்பே நின்று விடுங்கள்.

சாலையில் சின்னக் கற்கள், சேற்றுத் தண்ணீர்

மழை நாட்களில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலை பெரும்பாலும் முன்கூட்டியே ஏதாவது காட்டும். தெளிந்து ஓடிய ஓடை திடீரெனச் செம்மண் நிறமாவது, மேலேயிருந்து ஒன்றிரண்டு கற்கள் உருள்வது, மரம் சாலைப் பக்கம் சாய்ந்திருப்பது, தார்ச் சாலையின் ஓரத்தில் புதிய விரிசல். இதில் எது தெரிந்தாலும் அந்த இடத்தில் நிற்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். தாண்டாமல் பின்னால் வந்து, வரும் வண்டிகளைத் தடுத்து, 1077-க்குச் சொல்லுங்கள். அது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை. மழை நின்றுவிட்டதே என்று கிளம்பக் கூடாது, ஊறிய மண் பிறகும் இறங்கும்.

யானை நிற்கிறது

தூரத்திலேயே நில்லுங்கள். ஹார்ன் வேண்டாம், டிம்-பிரைட் வேண்டாம், கதவைத் திறக்க வேண்டாம். பின்னால் நகர இடம் விட்டு நிறுத்தியிருந்தால் நல்லது. அது போகும் வரை காத்திருங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இரவில் காட்டெருமை கறுப்பாக நடுச்சாலையில் நிற்கும், விளக்கு கிட்டே போகும் வரை தெரியாது.

உள்ளே இருப்பவர்களுக்குத் தலை கனக்கிறது

வளைவுகளால் வரும் தலைசுற்றல் என்றால் முன்சீட்டில் உட்கார்ந்து தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள், போனை வாங்கி வையுங்கள். வாந்திக்குத் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்ட விடாதீர்கள், பை கொடுங்கள். காது அடைத்தால் மிட்டாய் சப்பினால் போதும்.

வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கும்போது தலை கனத்தால் அது வேறு. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாடை கிடையாது. உடனே கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இறக்குங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். பூட்டிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்வதும் இதே விஷம்தான்.

கல்லாறு வந்தாயிற்று

தரைக்கு வந்துவிட்டோம் என்று நேராகக் கோவைச் சாலையில் எண்பதில் ஏறாதீர்கள். ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு சூடாக இருப்பது இயல்பு. ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலேயே ஒர்க்‌ஷாப்பில் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.